கம்ரான் காட்டிய வீடு

கைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தபோது, கட்டிலில் விழுந்த பழைய ரசீதுகளுக்கும் மாத்திரை அட்டைகளுக்கும் நடுவே ஒரு பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

மயூரா அதை எடுத்துப் பார்த்தாள். ஈரானில் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்த ரிசீவர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, ஒரு நாடா, ஒரு காதுக்கு மட்டும் செருகி. வழிகாட்டி கம்ரான் சட்டையில் குத்திய மைக்கில் மெதுவாகப் பேசியபடி முன்னால் நடப்பான். மண்சுவர்ச் சந்துகளிலும் மசூதி முற்றங்களிலும் சிதறிப் பின்னால் வருகிற எல்லோருடைய காதிலும், பக்கத்தில் நின்று சொல்வதுபோல அவன் குரல் கேட்கும். பயணம் முடிந்து ஷிராஸ் விமானநிலையத்தில் எல்லோரும் திருப்பிக் கொடுத்தார்கள். இவள் மறந்துவிட்டாள் போலிருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. அவர்கள் போய்வந்தது ஏப்ரலில், இப்போது யூலை. ஒவ்வொரு இரவும் ஹோட்டலில் சார்ஜில் போடாவிட்டால் மறுநாள் மத்தியானத்துக்குள் செத்துப்போகிற சாமான் அது.

அவள் செருகியைக் காதில் வைத்தாள். முதலில் மணல் சரிவதைப் போன்ற இரைச்சல். அதற்கு அடியிலிருந்து மெல்ல மெல்ல மேலே வந்தது கம்ரானின் குரல். அந்த இழுத்த ஆங்கிலம், வாக்கியத்துக்கு வாக்கியம் வருகிற அந்தச் சின்ன நாக்குத் தட்டல். யாஸ்த் நகரத்தின் காற்றுக்கோபுரங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். மேலே போகிற காற்றைப் பிடித்து எப்படி வீட்டுக்குள் இறக்கினார்கள் என்று. அவனுக்குப் பின்னால் சரளைக் கற்களில் பல கால்கள் நடக்கிற சத்தம், தண்ணீர்ப் போத்தல் நெளிகிற சத்தம், யாரோ இருமுகிற சத்தம்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தைந்தாவது கலியாண நாளுக்காகப் போன பயணம் அது. போகவேண்டாம் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். போனார்கள். இஸ்பஹானில் பாலத்து வளைவுக்குக் கீழே ஆண்கள் கூடிநின்று பாடியதும், பெர்செபோலிஸ் படிகளில் கணவன் அருந்தவன் மூச்சு வாங்க உட்கார்ந்ததும் நினைவுக்கு வந்தன. நல்ல நாட்கள்.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. இது ஒலிப்பதிவு செய்கிற கருவியா?

அவர்களோடு வந்த ரஞ்சினிக்கு ரெலிபோன் எடுத்தாள். 

"சீ, அது பதியாதடி," என்றாள் ரஞ்சினி. "அவன் கதைக்கேக்க வாறது மட்டும்தான். அதுவும் கொஞ்சத் தூரம் போனாலே இழுக்கத் தொடங்கீடும். ஞாபகமில்லையே, நான் ரொயிலற்றுக்குப் போட்டு வாறதுக்குள்ள உங்களைத் துலைச்சது?"

"அப்ப இப்ப கேட்டா?"

"இப்ப கேட்டா, பக்கத்தில ஆரோ நிண்டு கதைக்கினம் எண்டு அர்த்தம்." ரஞ்சினி சிரித்தாள். "ஏன், கேக்குதே?"

"இல்லையக்கா. சும்மாதான் கேட்டனான்."

ஏன் பொய் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அன்றிரவு சாப்பிடும்போது அருந்தவனிடம் கேட்டாள். "இஞ்சருங்கோ, ஈரானில தந்த ரிசீவரைத் திருப்பிக் குடுத்திட்டீங்கள்தானே?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். தேவைக்கு மேல் ஒரு கணம் பார்த்தான். "ஓம். ஏன் கேக்கிறீர்?"

"சும்மா."

அவன் திரும்பக் குனிந்து சோற்றைப் பிசைந்தான். ஆனால் வாயில் வைக்கவில்லை.

மகள் சயந்தினி கலியாணம் கட்டி சிட்னியில் கெல்லிவில்லுக்குப் போனதிலிருந்து இங்கே கிரெய்கிபர்ன் புறநகர் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். வீட்டை விற்றுவிட்டு மகளுக்குப் பக்கத்தில் போய் இருப்போம் என்பது அருந்தவனின் ஆசை. மயூரா மாட்டேன் என்றாள். இங்கே வேலை இருக்கிறது, சிநேகிதிகள் இருக்கிறார்கள், வெறுங்காணியாகக் கிடந்தபோதே வந்து பார்த்துப் பார்த்துக் கட்டின வீடு. பயணத்துக்கு முன் அதைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள். பயணத்துக்குப் பின் அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அதுதான் இப்போது அவளுக்கு உறுத்தியது. அந்தப் பேச்சை மட்டுமல்ல, பேச்சையே குறைத்துவிட்டான். வேலை முடிந்து வந்ததும் படிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறான். சில நேரம் நடைவழியில் தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி அசையாமல் நிற்கிறான். இவள் எதிரே வந்தால், "இப்ப எங்க நிண்டனீர்?" என்று கேட்கிறான். வீட்டுக்குள்ளேதானே நின்றேன் என்றால், "எந்த அறையில?" என்கிறான்.

அடுத்த சனிக்கிழமை அவன் கடைக்குப் போயிருந்தான். வெளியே தூறல். குசினியில் பீங்கான் துடைத்துக்கொண்டிருந்தவள், ஈரக்கையைத் துணியில் ஒற்றிவிட்டு, மேலங்கிப் பையிலிருந்த ரிசீவரை எடுத்தாள். பச்சை வெளிச்சம் இன்னும் எரிந்தது.

"அன்பான விருந்தினர்களே, பேருந்திலிருந்து மெதுவாக இறங்குங்கள். இங்கே நிலம் சமமாக இல்லை."

கம்ரானின் குரல். அதே நாக்குத் தட்டல். ஆனால் தமிழ்.

அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் வணக்கம். இவர்கள் சொல்லிக் கொடுத்தது. அதைக்கூட அவனால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. இப்போது அவன் பேசிய தமிழில் பிழை இல்லை, ஊரும் இல்லை. யாழ்ப்பாணமோ மதுரையோ கொழும்போ எதுவுமே ஒட்டாத, கழுவித் துடைத்த தமிழ்.

"ஒரு காலத்தில் இந்தத் தெருவின் இரு பக்கமும் வீடுகள் இருந்தன. இன்று முழுதாக நிற்பது இது ஒன்றுதான். சுவரைத் தட்டிப் பாருங்கள். மரச்சட்டத்தில் அட்டையை அடித்திருக்கிறார்கள். இவ்வளவு மெல்லிய சுவருக்குள் எப்படிப் பயமில்லாமல் வாழ்ந்தார்கள் என்று எல்லோரும் என்னிடம் கேட்பார்கள்."

மயூரா யன்னல் பட்டிகளை விலக்கிப் பார்த்தாள். தெரு இருந்தது. நனைந்த குப்பைத் தொட்டிகள், எதிர்வீட்டுக்காரனின் படகு, வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். பேருந்து இல்லை. ஆட்கள் இல்லை.

"இவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றுகிறவர்கள். நாமும் மரியாதைக்குக் கழற்றுவோம். வீட்டுக்காரி இந்த நேரம் சமையல்கட்டில் நின்றார். கையில் ஒரு துணி இருந்தது."

அவள் கையிலிருந்த துணியைப் பார்த்தாள்.

காதுக்குள் பலர் குனிகிற, முனகுகிற, சப்பாத்து நாடா அவிழ்க்கிற சத்தம். முன்கதவுப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் அங்கிருந்து ஒரு வாசம் வந்தது. நேற்று வைத்த மீன்குழம்பும் சுவர்ப் பூச்சும் மணக்கிற அந்த வீட்டுக்குள், வைக்கோல் குழைத்த மண்ணில் தண்ணீர் தெளித்தால் வருகிற வாசம். யாஸ்தில் பொழுதுபடும் நேரம் அந்தச் சந்துகளில் வருமே, அந்த வாசம்.

செருகியைப் பிடுங்கி எறிந்தாள். வீடு அமைதியாக இருந்தது. தரைத் துவாரங்களில் ஹீற்றர் காற்று மட்டும் யாரோ உறங்குவதுபோல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பயத்தைவிட முதலில் வந்தது கோபம். கோபத்தோடு யோசிக்கத் தொடங்கினாள். கணினி இருந்தால் இப்போது எவன் குரலையும் எந்த மொழியிலும் பேச வைக்கலாம். பயணத்தில் கம்ரான் பேசியதை அருந்தவன் தன் போனில் மணிக்கணக்காக எடுத்து வைத்திருக்கிறான். ரேடியோக் கோபுரங்களில் ஏறி இறங்குவது அவனுடைய வேலை. ஒரு சின்ன ரிசீவருக்குச் சத்தம் அனுப்புவது அவனுக்குப் பெரிய காரியமா? ஏன் செய்கிறான் என்றும் புரிந்தது. இந்த வீட்டைக் கண்டாலே அவளுக்கு நடுக்கம் வரவேண்டும். அவள் தானாகவே, விற்றுவிட்டுப் போவோம் என்று சொல்லவேண்டும்.

கதிரை போட்டு ஏறிப் புகை எச்சரிக்கைப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தாள். யன்னல் திரைகளின் மடிப்புகளைத் தடவினாள். கமரா ஒன்றும் அகப்படவில்லை. அவன் கெட்டிக்காரன். அகப்படாது.

கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. அவன் பைகளோடு உள்ளே வந்து, நடைவழியில் நின்று, மூக்கைச் சுருக்கினான். "தண்ணி ஏதும் ஊத்தினனீரே? மண் மணக்குது."

என்ன நடிப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் ஒளிந்து ஒளிந்து கேட்டாள். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. வேலை செய்கிற பல் வைத்தியரிடத்து வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது காதில் வைத்தால் வெறும் இரைச்சல். வீட்டுத் தெருவுக்குள் கார் திரும்பியதும் குரல் தெளியும். கம்ரான் அவசரப்படவில்லை. ஒரு நாள் முழுவதும் வாசற்படியிலேயே நின்றான். அடுத்த நாள் முன்மண்டபம். வீட்டுக்காரர் என்று அருந்தவனைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தான். அவர் எந்த நாற்காலியில் உட்காருவார், இரவில் எத்தனை முறை எழும்புவார், மனைவி நித்திரையா என்று எப்படிக் குனிந்து பார்ப்பார். எல்லாமே நடந்து முடிந்த பழங்கதையாக. அவருக்கு மனைவியில் நம்பிக்கை போய்விட்டிருந்தது என்றான். தன்னைப் பற்றித் தானே இப்படிச் சொல்லிக்கொள்ள எவ்வளவு துணிவு வேண்டும் என்று அவள் வியந்தாள்.

ஒரு குளிர்கால மாலை. ஐந்து மணிக்கே இருட்டிவிட்டிருந்தது. அவள் துணி தோய்க்கிற அறையில், மெஷினில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இஸ்பஹான் மசூதியில் குவிமாடத்துக்குக் கீழே நின்று நான் கைதட்டினேன் அல்லவா? எப்படி எதிரொலித்தது! இந்த வீட்டின் ஒலியையும் கேளுங்கள்."

ஒரு கைதட்டல்.

ஒரு காதில் செருகிக்குள் கேட்டது. மற்றக் காதில், வெறும் காதில், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது.

அவள் ஓடினாள். முன் இருப்பறையில் விளக்கு இல்லை. நடுவில், இருட்டில், அருந்தவன் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கைகளும் காற்சட்டைப் பைகளுக்குள் இருந்தன.

"என்ன சத்தம் அது?" என்றான்.

"நீங்கள்தானே கை தட்டினது?"

"நானோ? நீரெண்டெல்லோ நான் நினைச்சன்."

இருட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் கண்ணில் பயம் இருந்ததா, கள்ளத்தனம் இருந்ததா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. முதலில் கண்ணை எடுத்துக்கொண்டு போனவன் அவன்தான். படிப்பறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ஞாயிறு பின்னேரம் அவள் முடிவு கட்டினாள். சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கே போகப் போகத் தெளியத்தானே வேண்டும்? செருகியைக் காதில் வைத்துக்கொண்டு, கடிதம் எடுக்கப் போகிறவள்போல் வாசலுக்குப் போனாள். தபால்பெட்டிக்குப் பக்கத்தில் மணல் இரைச்சல். முன்கதவில் குரலின் துண்டுகள். குசினியில் வாக்கியங்கள். நடைவழிக்குள் கால் வைத்ததும் கம்ரான் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அவனோடு நிற்கிறவர்களின் சத்தமும் கேட்டது. சுவரில் உரசுகிற சட்டைகள், அடக்கிய இருமல், ஒரு கிழவரின் நெஞ்சு விசில். நடைவழி வெறுமையாக இருந்தது. ஆனாலும் அவள் ஏனோ சுவரோடு ஒட்டி, தோளை ஒடுக்கி நடந்தாள், நெரிசலில் நடக்கிற மாதிரி. படிப்பறைக் கதவுக்கு முன்னால்தான் குரல் மிகத் தெளிவு.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தாள். கதவைத் திறந்தாள்.

அருந்தவன் மேசைக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் காதிலிருந்து ஒரு வயர் இறங்கியது. அவள் கதிரையைப் பிடித்துத் திருப்பினாள். அவன் கழுத்தில் அதே நாடா. அதே பச்சை வெளிச்சம்.

"எங்க மைக்?" அவள் குரல் கீச்சிட்டது. "எங்க வச்சிருக்கிறீங்கள்? வீட்டை விக்கிறதுக்காக என்னை விசராக்கப் பாக்கிறீங்களே?"

"மயூரா..." அவன் முகம் வெளிறியிருந்தது. "என்னட்டை மைக் இல்லை. உம்மட்டைத்தான் எண்டு நினைச்சன்."

"பொய் சொல்லாதேங்கோ. திருப்பிக் குடுத்தனான் எண்டு எனக்குச் சொன்னீங்கள்."

"குடுத்தனான். சத்தியமாக் குடுத்தனான். கம்ரான்ரை கையிலயே குடுத்தனான். இஞ்ச வந்து பாத்தா ஜக்கெற் பொக்கற்றுக்க கிடக்குது." அவன் அவள் கையிலிருந்த ரிசீவரைப் பார்த்தான். "வீட்டை விக்கவேண்டாம் எண்டு நீர்தான் என்னை வெருட்டுறீர் எண்டு நினைச்சன். எந்த நேரமும் உம்மட கதைதான் சொல்லுறான். மனுசி எங்க நிண்டவ, என்ன செய்தவ, புருசனை எப்பிடி ஒளிச்சுப் பாத்தவ எண்டு."

"எனக்கு உங்கட கதை சொல்லுறான்," என்றாள்.

அவன் எழுந்து வந்து அவளைப் பிடித்துக்கொண்டான். வாரக்கணக்கில் ஒருவரை ஒருவர் தொடாமல் இருந்தவர்கள். அவன் சட்டையில் சலவைத்தூள் மணத்தது. அவன் நெஞ்சு அவள் கன்னத்தில் படபடவென்று அடித்தது. இந்த மனிதனையா சந்தேகப்பட்டேன் என்று அவளுக்கு அழுகை வந்தது. அவனும் அழுதான்.

"அப்ப ஆரப்பா கதைக்கிறது?" என்றாள் கடைசியில்.

அவன் கதவைச் சாத்திப் பூட்டினான். இருவரும் சுவரோரச் சோபாவில் நெருங்கி உட்கார்ந்தார்கள். காலையில்தான் அவன் அந்த அறைக் கம்பளத்தைத் தூசி இழுக்கும் மெஷினால் இழுத்திருந்தான். சாம்பல் நிற நூல்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, சீவிய தலைபோல் கிடந்தன. அவள் வந்த தடமும் அவன் எழுந்து போன தடமும் மட்டும் அதில் தெரிந்தன.

அவன் தன் செருகியைக் காதில் வைத்தான். அவளும் வைத்தாள். இப்போது இருவருக்கும் ஒரே கதை.

"அன்பான விருந்தினர்களே, இது உள்ளறை. இங்கே வெளியாட்களை விடுவதில்லை. நமக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. கதவு பூட்டியிருக்கிறது, கவலைப்படாதீர்கள். வாசல் நிலை கொஞ்சம் தாழ்வு. தலையைப் பார்த்து."

கதவு அசையவில்லை.

"யன்னலால போவம்," என்று அருந்தவன் கிசுகிசுத்தான். எழுந்து திரையின் ஓரத்தை விலக்கினான்.

"அந்த நேரம் கணவர் எழுந்து யன்னலால் வெளியே பார்த்தார்," என்றான் கம்ரான்.

அருந்தவன் பார்த்துக்கொண்டே நின்றான். பின்னேர வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. அவர்கள் தெருவில் விழுகிற வெளிச்சம் அல்ல அது. தடுக்க ஒரு கூரையும் இல்லாமல், தூரத்திலிருந்து தரையோடு தரையாக வருகிற செம்மண் நிற வெளிச்சம்.

திரையை விட்டான்.

"என்ன? என்ன தெரியுது?"

"ஒண்டுமில்லை." திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தான். அவன் கை குளிர்ந்து போயிருந்தது. "நீர் பாக்காதேயும்."

கதவோரம் கம்பளம் அமிழ்ந்தது.

ஒரு தடம். வெறுங்கால். குதி, பிறகு விரல்கள். அதன் பக்கத்தில் இன்னொன்று. அதன் பின்னால் இன்னும் இரண்டு. நூல்கள் மெல்லச் சாய்ந்தன, நசுங்கின. பெரிய கால்கள். சின்னக் கால்கள். ஒன்று இழுத்து இழுத்து வந்தது. மண் வாசம் மூக்கை அடைத்தது.

"எல்லோரும் உள்ளே வந்துவிட்டீர்களா? நெருங்கி நில்லுங்கள். பின்னால் நிற்பவர்களுக்கும் தெரியட்டும்."

தடங்கள் அரைவட்டமாக நின்றன. விரல்கள் எல்லாம் சோபாவைப் பார்த்து.

"இங்கேதான். இருவரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தது இங்கேதான். எவ்வளவு நன்றாகப் பாதுகாத்திருக்கிறார்கள், பாருங்கள். பெண்ணின் கண் இமைகள்கூட அப்படியே."

மயூரா கண்ணை மூடப் பார்த்தாள். இமைகள் அசையவில்லை. கையை உருவப் பார்த்தாள். அருந்தவனின் விரல்கள் அவள் விரல்களுக்குள் கல்லாக இருந்தன. அல்லது அவளுடைய விரல்கள்.

"வழக்கமாக யாரையும் தொட விடுவதில்லை," என்றான் கம்ரான். ஒரு நாக்குத் தட்டல். "இன்றைக்கு மட்டும் தொட்டுப் பார்க்கலாம். ஒவ்வொருவராக."

முன்வரிசையில் இருந்த சின்னத் தடம் ஒன்று முன்னால் வந்தது. நின்றது. இன்னும் கிட்ட வந்தது. பிறகு அவளுடைய கால்விரல்களுக்கு நேர் முன்னால், கம்பளத்தில் இரண்டு வட்டக் குழிகள் மெல்ல இறங்கின. அவள் முகத்தைக் கிட்டப் பார்ப்பதற்காக யாரோ முழங்காலில் உட்கார்ந்தார்கள்.